வாழ்க்கைப்படுதல்

தேனியிலிருந்து கம்பத்திற்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சென்றால், முல்லையாற்றின் கரையில் வீரபாண்டி என்னும் ஊர் தோன்றும். அங்குள்ள கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் பொதுவான விழாவாகும். அந்நாட்களில் ஆற்றில் நீராடி, ஈர ஆடையுடன் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் பெண்டிரை எவரும் காணலாம். நாம் கிறிஸ்தவ சமயத்தினராதலின், அவ்வழிபாட்டின் உட்பொருளைப் பற்றிப் பேச உரிமையுடையோம் அல்லோம். ஆயினும் தமிழ் பயில்வோர் என்ற முறையில் அத்தெய்வத்தின் பெயர் நம் கருத்தைக் கவர்கின்றது. கௌமாரி என்பது குமாரி என்னும் சொல்லோடு ஒரே வேரினது, கன்னிமையை நினைவூட்டுவது. அப்பெயருடையாளே எழுவர் தாயருள் ஒருத்தியாகவும் எண்ணப்படுகின்றாள். கன்னி எனவும் தாய் எனவும் ஒருங்கே சொல்லப்படும் ஒருத்தியின் முன் நின்றே நம் நாட்டுப் பெண்டிர் மணமும் மகப்பேறும் வேண்டுகின்றனர்.

அவர்கள் வேண்டுவன யாவை என்பதைப் பள்ளத்தாக்கில் அறியாதார் இலர். மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும். மருமகளுக்குக் கரு தங்கவேண்டும். பிள்ளைக்குக் கண்ட அம்மை இறங்கவேண்டும். குடித்துக் கெடும் கணவன் திருந்தவேண்டும். ஆயின், "எனக்கு மணம் வேண்டுமா?" என்றோ, "தாயானதனால் நான் மகிழ்ந்தேனா?" என்றோ எவளேனும் அச்சட்டியின் சூட்டைத் தாங்கிக்கொண்டு தன் நெஞ்சுள் கேட்டிருந்தால், அதனை அறிவார் யார்? வேண்டுதல் மனத்துள் நிகழ்வது; ஏட்டில் ஏறுவதன்று. இவ்வினாக்கள் பெண்களாலேயே ஏட்டில் எழுதப்பட்டது எப்பொழுது, எழுதியவர் யாவர், எதனைப் போர்வையாகக் கொண்டு எழுதினர் என்பவற்றை ஆராயவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண், இவ்வினாவை எழுப்புதற்கு நம் மொழியே இடந்தராதது போல் இருப்பதைக் கூறவேண்டும். மணம் புரிந்துகொண்ட பெண்ணை "வாழ்க்கைப்பட்டாள்" என்கிறோம். ஓர் ஊருக்கு மணமாகிச் சென்றவளை அவ்வூரில் "வாழப்போனாள்" என்கிறோம். கணவனைப் பிரிந்து பிறந்தகம் வந்தவள் "வாழாவெட்டி." அவள் உண்கிறாள், உழைக்கிறாள், நாற்று நடுகிறாள், தம்பியின் பிள்ளைகளை வளர்க்கிறாள், எனினும் மொழியின் கணக்கில் அவள் வாழவில்லை. வாழ்தல் என்னும் வினை ஆண்மகனுக்குப் பிறந்த அன்றே தொடங்குகின்றது. பெண்ணுக்கோ தாலி ஏறிய பின்னரே தொடங்குகின்றது. மகளை மணஞ்செய்து கொடுத்த தந்தையை "கரை சேர்த்துவிட்டார்" என்பர். அதுவரை அவள் வெள்ளத்தில் கிடந்தாள் போலும்! இல்லாள் என்ற சொல்லுக்கு மனைக்கு உரியவள் என்பது பொருள். அதன் ஆண்பாலாகிய இல்லான் என்பதற்கோ ஒன்றும் இல்லாதவன் என்பது பொருள். இலக்கண வகுப்பில் இதனைச் சொல்லி நகைப்பதுண்டு. நகைத்த பின் ஒரு நொடி எண்ணிப் பார்த்தால், பெண் மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்று தனியே கேட்பதற்கு நமக்குச் சொல் இல்லாமையும் புலனாகும். "நன்றாக வாழ்கிறாளா?" என்றே கேட்கிறோம். அதற்குரிய விடையோ அவளைப் பற்றியதன்று, அவள் புகுந்த வீட்டைப் பற்றியது.

மணத்தை மறுத்த மகளிர் பண்டைத் தமிழில் இலரோ எனின், உளர். உதயகுமாரனை விலக்கித் துறவு பூண்டாள் மணிமேகலை. மானிடரை மணவேன் என்றாள் ஆண்டாள். கணவனால் அஞ்சி நீங்கப்பெற்ற புனிதவதி, தன் அழகையே வேண்டாவென உதறிக் காரைக்காலம்மையார் ஆயினார். இவர்களையெல்லாம் நாம் போற்றுகிறோம். எனினும் இவர்கள் மூவர்க்கும் பொதுவாயதொன்று உண்டு. ஒருவரும், "எனக்கு விருப்பமில்லை" என்ற அளவில் நிற்கவில்லை. அறமோ, அரங்கனோ, ஆலங்காட்டு இறைவனோ அவர்கட்குத் துணை நின்றமையால் உலகம் வழிவிட்டது. பெண் ஒருத்தி மணத்தை மறுக்கவேண்டுமாயின் அதனினும் பெரியதொன்றைக் காட்டுதல் வேண்டும் என்பது நெடுங்கால வழக்கு என்று கொள்ளலாம். இவ்வழக்கு 19-ஆம் நூற்றாண்டிலே, ஆங்கிலக் கல்வி பெற்ற ஒரு குடும்பத்தில், தலைமுறைதோறும் எவ்வாறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது என்பதை இனிக் காண்போம். அக்குடும்பம் சென்னைச் சத்தியநாதன் குடும்பமாகும்.

திருநெல்வேலித் திருச்சபையின் முதற் குருமாருள் ஒருவராகிய ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாள், 1832-இல் பிறந்தவர். இவர் வி. தி. சத்தியநாதன் ஐயரவர்களை மணந்து, கணவரோடு சென்னை சேர்ந்து, பெண்பள்ளிகளை நடத்தியும், வீட்டினுள் அடைபட்டிருந்த மகளிரை அவர்தம் இல்லங்களிலேயே சென்று கண்டு கற்பித்தும் வந்தார். தாய்மார்க்கென இவர் தமிழில் எழுதிய சிறு நூலின் பெயர் "நல்ல தாய்" என்பது. பெயரே இவர் கொள்கையைக் காட்டும். மணம் வேண்டுமா என்ற வினா இவர்க்கு எழவில்லை. மணமும் மகவும் உள்ள பெண் எங்ஙனம் அறிவோடு இல்லறம் நடத்துவது என்பதே இவர் வினா. இதனை எளிதென்று இகழ்தல் தகாது. பெண்ணுக்கு எழுத்தறிவு கேடு என்று ஊரார் நம்பிய காலத்தில், "நல்ல தாயாவதற்கு எழுத்தறிவு வேண்டும்" என்று சொன்னதனாலேயே பல வீட்டுக் கதவுகள் திறந்தன. தாய்மை என்னும் போர்வையின் கீழ்ப் புத்தகம் உள்ளே புகுந்தது.

அன்னாளின் மகன் சாமுவேலை 1883-இல் மணந்தவர் கிருபாபாய். இவர் தமிழரல்லர், அகமத்நகரில், கிறிஸ்தவம் தழுவிய மராத்திய அந்தணக் குடும்பத்தில் 1862-இல் பிறந்தவர். மருத்துவம் பயிலச் சென்னைக்கு வந்து, சத்தியநாதன் ஐயர் இல்லத்தில் தங்கிப் பயின்றார். ஓராண்டளவில் உடல்நலங் குன்றியமையால் படிப்பை விடநேர்ந்தது. படிப்பை இழந்த அம்மையார் எழுதத் தொடங்கினார். இவருடைய "சகுணா" என்னும் ஆங்கில நாவல், 1887 முதல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. நம் இதழைப் போன்ற ஒரு கல்லூரி இதழின் பக்கங்களிலேயே, ஓர் இந்தியப் பெண் தன் இளமையை வைத்து எழுதிய கதை முதலில் அச்சேறிற்று என்பது நமக்கு ஓரளவு பெருமை தருவதே. புத்தகத்தைக் கண்டால் அண்ணன்மாரினும் மிகுதியாக ஆவலுறும் ஒரு சிறுமி அதில் வருகின்றாள். "பெண்ணுக்கு இது எதற்கு?" என்ற சொல்லைப் பலரும் பலவாறு அவளிடம் சொல்கின்றனர். கதை மணத்தில் முடிகின்றது உண்மையே. ஆயினும் மணத்திற்கு முன் ஒரு பெண்ணுக்குத் தனக்கென ஒரு வாழ்வு உண்டு, அதுவும் எழுதத்தக்கது என்பதை அந்நாவல் நிலைநாட்டிவிட்டது.

1894-இல் வெளிவந்த "கமலா" இன்னும் ஒருபடி செல்கின்றது. சிறுவயதிலேயே மணமாகிப் புகுந்த வீட்டில் துயருற்ற இந்துப் பெண் ஒருத்தியின் கதை அது. கணவன் இறக்கின்றான். அவளை உண்மையாக நேசிக்கும் ஒருவன் மறுமணம் வேண்டி நிற்கின்றான். படிப்போர் எல்லாரும் அவள் இசையவேண்டுமென்றே விரும்புவர். ஆசிரியர் கிறிஸ்தவர்; கைம்பெண் மறுமணத்திற்கு அவர் சமயம் தடை சொல்வதன்று. எனினும் கமலா மறுத்துவிட்டுப் பிறர்க்குத் தொண்டு செய்து வாழ்கின்றாள். இம்முடிவைப் பழைமைக்குப் பணிந்தது என்று கூறுவாரும் உளர். நமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. முதல் மணத்தில் அவளை எவரும் கேட்கவில்லை. இரண்டாவதில்தான் முதன்முறையாகக் கேட்கப்பட்டாள். கேட்கப்பட்ட ஒருத்திக்கு "வேண்டா" என்று சொல்லவும் உரிமை உண்டன்றோ? ஆயினும் இங்கும் தொண்டு என்னும் போர்வை இருத்தலை மறைத்தற்கில்லை.

இவ்விடத்தில் பம்பாயில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவுகூர்தல் தகும். "சகுணா" வெளிவரத் தொடங்கிய அதே 1887-இல், ருக்மாபாய் என்னும் பெண் நீதிமன்றத்தின் முன் நின்றார். பதினோரு வயதில் மணஞ்செய்விக்கப்பட்ட இவர், அறிவு வந்த பின் அக்கணவனோடு வாழ மறுத்தார். போய் வாழவேண்டும், இன்றேல் ஆறு மாதம் சிறை என்று தீர்ப்பாயிற்று. சிறையே மேல் என்றார் இவர். 1888-இல் பணங்கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட, இவர் இங்கிலாந்து சென்று மருத்துவரானார். கடவுளையோ தொண்டையோ காட்டாது, "என் இசைவின்றி நடந்தது" என்ற ஒன்றையே காட்டியவர் இவர். அதற்கு உலகம் தந்த விடை சிறை என்பதையும் நோக்குக.

கிருபாபாய்க்குப் பிறந்த ஒரே குழவி ஓராண்டு நிறையுமுன் மாய்ந்தது. அவரும் 1894-இல் 32-ஆம் வயதில் மறைந்தார். பின்னர்ச் சாமுவேல் மணந்த அம்மையாரின் பெயர் கமலா. (நாவலின் கமலாவோடு இவரை மயங்கற்க.) ஆந்திர நாட்டவராகிய இவர் எம்.ஏ. பட்டம் பெற்றவர், 1901-இல் "இந்தியன் லேடீஸ் மேகசீன்" என்னும் மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். சரோஜினி நாயுடு முதலியோர் அதில் எழுதினர். வங்காளத்து ரொக்கேயா எழுதிய "சுல்தானாவின் கனவு" 1905-இல் அவ்விதழிலேயே வெளிவந்தது. அக்கதையில் ஆடவர் எல்லாரும் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, மகளிர் விஞ்ஞான வலியால் நாடாள்கின்றனர். இதற்கு ஆசிரியர் தேர்ந்த போர்வை கனவு. கனவில் எதனையும் சொல்லலாம். விழித்தபின் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை.

1906-இல் சாமுவேல் வெளிநாட்டுப் பயணத்தினிடையே ஜப்பானில் காலமானார். இளம் பிள்ளைகளோடு தனித்து நின்ற கமலா அம்மையார் மறுமணம் செய்யவில்லை. பாடஞ் சொல்லியும் எழுதியும் பொருளீட்டிக் குடும்பத்தை நடத்தினார். இதழ் 1918-இல் நின்று, 1927-இல் மீண்டும் தோன்றி, 1938 வரை நடந்தது. அன்னாளுக்குத் தோன்றாத ஒரு வினா இவர்க்கு வாழ்க்கையே ஆயிற்று: கணவன் வருவாய் இன்றி ஒரு பெண் வாழ இயலுமா? இவர் மகள் பத்மினி சென்குப்தா தம் தாயின் வரலாற்றை நூலாக எழுதினார். 1960-இல் இந்தியாவின் பெண்தொழிலாளரைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். நல்ல தாய் எங்ஙனம் இருப்பாள் என்று பாட்டி எழுதிய வீட்டில், கூலிக்குப் போகும் தாயின் நிலை என்ன என்று பேர்த்தி எழுதினார். அன்னாளின் குருதி கிருபாபாயிடமோ கமலாவிடமோ ஓடவில்லை, இருவரும் மருமக்கள். வினா குருதிவழி வந்ததன்று, ஒரு வீட்டுப் புத்தக அலமாரிவழி வந்தது.

இனி, எழுத்தறியாப் பெண்டிர் இவற்றை எண்ணவேயில்லை என்று கொள்வது பெரும்பிழை. நம் மதுரை நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் ஒழுக்கக்கேடு ஒன்றையே காட்டி மணவிலக்குப் பெறலாம். மனைவியோ, கணவனிடத்து ஒழுக்கக்கேட்டோடு கொடுமையோ கைவிடுதலோ போன்ற மற்றொன்றும் இருப்பதை மெய்ப்பித்தல் வேண்டும். இவ்வேற்றுமை 2001-இல்தான் நீக்கப்பட்டது. ஆனால் அச்சட்டம் இயற்றப்பட்ட காலத்திலேயே, மதுரைக்கு மேற்கே வாழ்ந்த கள்ளர் குலத்தாரிடையே மணவிலக்கும் மறுமணமும் இயல்பான வழக்காக இருந்தன. ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்தது என்பது பொருள்; "துரும்பு கொடுத்தல்" என்றே அதற்குப் பெயர். பெண் பிரிய விரும்பின் பரிசப்பணம் திரும்பச் செல்லும். பிறமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்து 1957-இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோனும் மணவிலக்கு அவர்களிடையே அரிதன்று என்று காட்டியுள்ளார். ஆங்கிலம் பயின்று பியானோ வாசித்த மிஷன் வீட்டுப் பெண்ணுக்கு இல்லாத ஒரு வாயில், களையெடுக்கும் பெண்ணுக்குத் திறந்திருந்தது!

இதனைப் பொற்காலம் என்று புனைந்துரைக்கவும் வேண்டா. பிள்ளைகள் பெரும்பாலும் தந்தை வீட்டுக்கே உரியர். பரிசத்தைத் திருப்பித் தரும் ஆற்றல் அவள் பிறந்த வீட்டைப் பொறுத்தது. மேலும், பரிசங் கொடுத்துப் பெண் கொண்ட அதே நாட்டில் பின்னர் வரதட்சணை புகுந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுக்கவில்லை. 1986-இல் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்சிசுக் கொலைகள் நாடெங்கும் செய்தியாயின. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கவேண்டியதாயிற்று. மகளைப் பெற்றதற்கு மகிழவும் உரிமையற்ற தாயரிடம், மகப்பேறு இன்பமா துன்பமா என்று எவர் சென்று கேட்பது?

நம் தாயர் தலைமுறை இதனை வாயால் விவாதிக்கவில்லை. ஆயினும் விடை சொல்லாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி மகப்பேறு 1992-93-இல் 2.5 ஆக இருந்தது, 2019-21-இல் 1.8 ஆயிற்று. இவ்வெண்களுக்குப் பின்னே, இரண்டாம் பேறு முடிந்த கையோடு மருத்துவமனையிலேயே அறுவை செய்துகொண்டு, பத்தாம் நாள் மாட்டுக்குப் புல்லறுக்கச் சென்ற பெண்கள் பலர் இருப்பர். "போதும்" என்ற அவர்கள் சொல் நாவலாகவில்லை, கட்டுரையாகவில்லை, புள்ளிவிவரம் ஆயிற்று. அவர்களுக்கும் ஒரு போர்வை இருந்தது: இருக்கும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவேண்டும் என்பது. தன் உடல் களைத்தது என்று எவளும் காரணஞ் சொன்னதாகத் தெரியவில்லை. சொன்னால் தவறு என்ன?

நம் சபைகளின் நிலையையும் மறைக்காது கூறுவோம். மணம் புரியாமையைப் பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரம் இழிவாகக் கூறவில்லை. மாறாக உயர்வாகவே பேசுகின்றது. வேலூரில் மருத்துவப்பள்ளி நிறுவிய ஐடா ஸ்கடர், 1948-இல் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய கேத்தி வில்காக்ஸ், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் முதலியோர் மணமின்றியே வாழ்ந்தனர். அவர்கள் மணவாமை பற்றி நம் முன்னோர் வியந்தனரேயன்றி வினவவில்லை. "ஊழியம்" என்னும் ஒரு சொல் எல்லாவற்றையும் மூடிற்று. ஆனால் அவர்களிடம் பயின்ற ஒரு பெண் முப்பது வயதில் மணமின்றி ஆலயத்திற்கு வந்தால், ஆராதனை முடிந்து வாயிலில் நிற்கும் அத்தைமார் எல்லாரும் கேட்பது ஒன்றே. திருமண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுகின்றது. தடை உண்டா என்று சபையார் அனைவரும் கேட்கப்படுகின்றனர். மணமகள் கேட்கப்படுவதோ பந்தல் போட்டு, பந்தி எண்ணி, நகை வாங்கிய பின், பீடத்தின் முன்னர்தான். அப்போது "இல்லை" என்று சொன்ன பெண்ணை நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இன்று நம்மோடு பயிலும் பெண்கள் வினவும் முறை புதியது. முந்தையோர் வினாவினும் அது பெரியது என்று சொல்லவியலாது. போர்வையின்றி வினவுகின்றனர் என்பதே புதுமை. கல்லூரி விடுதியில் இரவு விளக்கணைத்த பின் எழும் பேச்சில், "நான் துறவி ஆகப்போவதில்லை, ஊழியத்திற்கும் போகவில்லை, ஒருவரையும் காதலிக்கவுமில்லை, எனக்கு மணத்தில் விருப்பமில்லை, அவ்வளவுதான்" என்று ஒருத்தி சொல்லக் கேட்கின்றோம். பிறிதொருத்தி, மணம் வேண்டும், மகவு வேண்டா என்கிறாள். வேறொருத்தி, எல்லாம் வேண்டும், ஆனால் நான் இசைந்த பின் வேண்டும் என்கிறாள். அரசின் போக்கும் சிறிது மாறியுள்ளது. 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவி வழங்கத் தொடங்கிய திட்டம், பின்னர்த் தாலிக்குப் பொன்னும் தந்தது. 2022-இல் அதே திட்டம், அரசுப்பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்குச் சென்ற பணம் புத்தகத்திற்குச் செல்கின்றது.

இப்பெண்களுக்கு அன்னைமார் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு. அதனை அறியாமை என்று தள்ளுதல் ஆகாது. "நாங்கள் போன பின் உன்னை யார் பார்ப்பார்?" என்பதே அது. இதற்கு நூற்படிப்பினால் விடை சொல்ல முடியாது. நிலையான ஊதியம், பெண் பெயரில் ஒரு வீடு, நோயுற்றால் துணை, தனித்து வாழும் பெண்ணுக்கு அஞ்சாது வாடகைக்கு இடந்தரும் வீட்டுக்காரர் ஆகியவையே விடை. தந்தையின் சொத்தில் கிறிஸ்தவ மகளுக்கு மகனோடு ஒத்த பங்கைச் சட்டம் நெடுங்காலமாகவே தருகின்றது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டு மகளுக்கு 1989-இல் அது கிடைத்தது. எனினும் நம் பள்ளத்தாக்கில் தென்னந்தோப்பும் வயலும் பெரும்பாலும் அண்ணன் தம்பியர் பெயரிலேயே நிற்கின்றன. தங்கைக்குச் செய்த நகையோடு கணக்கு முடிந்தது என்பர். மணமின்றி ஐம்பது வயது கடந்த ஏழைப் பெண்டிர்க்கு அரசு மாதந்தோறும் ஓய்வூதியம் தருகின்றது. அதனை ஊரில் "முதிர்கன்னிப் பணம்" என்கின்றனர். அப்பெயரைக் கேட்க நாணி அதற்கு எழுதிப்போடாது விட்டவர்களும் இருக்கலாம். வேறொரு பெயர் வைப்பதாயின் என்ன பெயர் வைக்கலாம் என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் நெடுநேரம் பேசினோம். மணி அடித்துவிட்டது, பெயர் அகப்படவில்லை.